மணிக்கட்டு

வெள்ளிக்கிழமை குத்பா
மணிக்கட்டைப் பற்றி.
களவெடுத்த கையை எங்கே வைத்து வெட்டுவது என்று
ஜெஸீம் மௌலவி ஜுப்பாவைச் சற்று உயர்த்தி
விரலால் கோடு போட்டுக் காட்டினார்.
கோடு சரி.
நான் பென்சிலால் போடுவதும் அதே இடத்தில்தான்.

என் தொழில் கை செய்வது.
ஆஸ்பத்திரி வீதிக்குப் பின்னால்
பிளாஸ்டரும் பிசினும் மணக்கிற அறை.
மணிக்கட்டுக்குள் எட்டுச் சிறு எலும்புகள்;
ஒன்றையும் நான் செய்ததில்லை.
என்னால் முடிந்தது ஒரு கொளுக்கி, ஒரு வார்,
தோலின் நிறத்துக்குக் கிட்ட ஒரு நிறம்.

நிபந்தனைகள் உண்டு என்றார் மௌலவி.
பூட்டிய இடத்தில் எடுத்திருக்க வேண்டும்.
பசிக்கு எடுத்திருக்கக் கூடாது.
பஞ்சம் வந்த வருடம் கலீபா உமர்
வெட்டையே நிறுத்தி வைத்தார்.
அதைச் சொல்கையில் மட்டும் குரல் ஏனோ இறங்கியது.
நிறுத்தியதை முதலில் சொல்லியிருக்கலாம்.

தொண்ணூறு ஒக்டோபரில்
நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போனோம்.
வாப்பா திறப்பைச் சாரத்தில் முடிந்துகொண்டார்.
புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில்
அவர் மையித்தைக் குளிப்பாட்டும்போதும் அது இருந்தது.
திரும்பி வந்தால்
திறக்க ஒரு கதவில்லை.

செவ்வாய்க்கிழமை தவபாலன் வந்தார்.
வலது கை. மாத்தளன். ஷெல்.
ஈரத்துணி சுற்றும்போது
முகம் பார்க்காமல் கேட்டார்:
"நீங்கள் சோனகத் தெருவோ?"
ஓம்.
"எந்த ஒழுங்கை?"
சொன்னேன்.
பிளாஸ்டர் இறுகப் பத்து நிமிடம் வேண்டும்.
அதற்குள் சொல்லி முடித்தார்,
முன்கதவையும் இரண்டு யன்னலையும்
லாண்ட்மாஸ்டரில் ஏற்றினது தான்தான் என்று.
"இந்தக் கையாலதான்.
அதுதான் போச்சுது. கடவுளின்ர கணக்கு."

பூட்டிய வீடு.
அவர் வாயாலேயே ஒப்புதல்.
பசியா என்று நான் கேட்கவில்லை.
நிபந்தனைகளை ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தேன்,
பிளாஸ்டர் காயாத என் விரல்களில்.
எண்ணுவது இவ்வளவு இனிக்கும் என்று
எனக்குத் தெரியாது.

பக்கத்து வாங்கில் கிளாலிப் பிள்ளை,
ஆறு வயது,
புதுக் கையால் பிஸ்கற்றைப் பிடிக்கப் பிடிக்க
அது நொறுங்கிக்கொண்டிருந்தது.
இவள் யாருடைய யன்னலைக் கழற்றினாள்?
கடவுளின் கணக்கென்றால்
அந்தக் கொப்பியில் இவளுக்கு எந்தப் பக்கம்?

அச்சைக் கழற்றினேன்.
உள்ளே இரண்டு மயிர் ஒட்டியிருந்தது.
மூன்று கிழமை கழித்து வாங்கோ,
முதலில் வார் வெட்டும், பிறகு பழகிவிடும்.
தலையாட்டினார். போனார்.
படிவரை போனவரைக் கூப்பிட்டு
ஒன்று மட்டும் கேட்டேன்:
மாரிக்கு இன்னும் ஊறி இறுகுதா,
அந்தக் கதவு?