முதுகுப் பக்கம் நடந்தது

முதல் விதி: மேடையைப் பார்க்கக் கூடாது.
இரண்டாம் விதியும் அதுதான் என்றார்
மேற்பார்வையாளர் இட்ரிஸ், சிரிக்காமல்.
தடுப்புக் கம்பிக்கு உட்புறம்
கூட்டத்தைப் பார்த்தபடி நில்,
கால்களைத் தோளகலம் விரித்து.
மஞ்சள் மேல்சட்டை. மார்பில் 'தவமணி'.
காலாங் அரங்கில் ஐம்பதாயிரம் பேர்
காசு கொடுத்துப் பார்க்க வந்ததற்கு
ஐந்து மணி நேரம்
என் முதுகு.

ஆகவே மல்யுத்தத்தை
நான் முகங்களில் பார்த்தேன்.

அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே
வந்துவிட்ட ஒருவர் பல்லைக் கடித்தார்.
யாரோ யாருடைய கையையோ முறுக்குகிறார்கள்.
முக்காடு போட்ட பெண் எழுந்து
இரண்டு கையையும் தலையில் வைத்தாள்.
யாரோ கயிற்றின் மேல் ஏறுகிறார்கள்.
பிறகு எல்லா முகவாய்களும் ஒன்றாக உயர்ந்தன,
ஒரு நொடி நின்றன,
இறங்கின.
பறந்திருக்கிறார்கள்.
பலகையின் அதிர்வு
பூட்ஸின் அடிவழியே எனக்கு வந்து சேர்ந்தது,
கடைசி ஆளாகச் செய்தி கேட்பவளுக்கு வருவதுபோல.

மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் தூங்கினார்.
பக்கத்தில் மகளோ மனைவியோ,
இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினாள்.

நடுவர் உள்ளங்கையால் தரையை அறைகிறார்:
ஒன்று. இரண்டு.
மூன்றுக்குத் திறந்த வாய்கள்
அப்படியே நின்றன.
விழுந்தவன் தோளைத் தூக்கிவிட்டான் போல.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
பாலிகிளினிக்கில் எண் பலகை
நம் எண்ணுக்கு முந்தியதைக் காட்டிவிட்டு
பிந்தியதற்குத் தாவும்போது
நாற்காலிகளில் இருக்கும் முகம்.

எல்லாம் முன்பே பேசி வைத்ததுதானாம்,
இட்ரிஸ் சொன்னார்.
என் முறைப்பும்தான்.
மூன்று நாள் பயிற்சி, சான்றிதழோடு.

ஏழாம் வரிசை, பதினாலாம் இருக்கை:
மைலோ அட்டையில் பொன்தாள் ஒட்டி
இடுப்பில் கட்டியிருந்தான் பையன்.
சாம்பியன் பட்டம்.
வரிசையை விட்டுக் கம்பிவரை வந்து நின்றவன்
இப்போது என்னைத் தாண்டிப் பார்க்கவில்லை.
என் தலைக்கு மேலே பார்த்தான்.
புரிந்தது. இடப்பக்கம் ஓரடி நகர்ந்தேன்.

நூற்றிருபது கிலோ
கம்பியில் மோதி என் காலடியில் விழுந்தது.

குப்புற விழுந்தாலும்
மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்.
இவர் மீசையில் ஜிகினா ஒட்டியிருந்தது.
முழங்கையில் கம்பி கிழித்த கோடு,
யாரும் பேசி வைக்காத ரத்தம்.
முகத்தை என் பூட்ஸ் பக்கம் திருப்பி
உதடு அசையாமல் கேட்டார்:
பையனுக்கு அடி இல்லையே?
என் உதடும் அசையவில்லை.
இல்லை.
சரி என்பதுபோல் மூச்சு விட்டார்.
பிறகு முதுகெலும்பு முறிந்தவராய்
அரங்கின் கூரைவரை அலறினார்.

"ஆன்ட்டி, செத்துட்டாரா?"

கண்ணைச் சிமிட்டியிருக்கலாம்.
சிமிட்டியிருந்தால்
அவன் இடுப்பில் இருப்பது
மைலோ அட்டையாகிவிடும்.
முறைத்தேன். பின்னால் போ என்று கை காட்டினேன்.
பையன் அழுதான்.
எனக்கென்னவோ
அவனைத் தள்ளிவிட்டது நான்தான் என்று இருந்தது,
இன்னும் இருக்கிறது.

பதினொன்றரைக்குக் கூரையில் மழை.
கசங்கிய காகிதப் பூக்கள், குடித்து வீசிய கோப்பைகள்.
கடைசி எம்ஆர்டியில்
முகமூடி போட்ட இருவர் ஒருவர் தோளில் ஒருவர்
சாய்ந்து தூங்கினார்கள்.
மேடையில் எதிரிகளாக இருந்திருப்பார்கள்,
முகமூடிகளின் நிறம் அப்படி.

கதவைத் திறந்ததும் ரெங்கசாமி கேட்டார்:
"யாரு ஜெயிச்சா?"
தெரியாது.
"அங்கதானே நின்னே?"
ஆமாம். அங்கேதான் நின்றேன்.
மூன்றாம் வரிசைப் பெரியவர்
கடைசியில் எழுந்து கைதட்டினார்.
எதற்கென்று அவருக்கும் தெரியாது.

கொஞ்சம் வெந்நீர் வையுங்கள்.
கழுத்து வலிக்கிறது,
திரும்பாத பக்கம்.