ஆறு நிமிடக் கணக்கு

பகலில் என் நேரத்தை
ஆறு ஆறு நிமிடமாய் நறுக்கி விற்கிறேன்.
மூழ்கிய கப்பலுக்கு யார் பணம் தருவது என்று
இருபது வருஷம் வாதாடிப் பழகிய வாய்.
வியாழன் மாலைகளில் மட்டும்
கிளாஸ்கோவில், கோவன் நூலகத்தின் அடித்தளத்தில்,
குழந்தைகள் கதை கேட்கப் போட்ட
முயல் படம் ஒட்டிய மேசையில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பேன்.
கட்டணம் கிடையாது.
ஹீட்டரும் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

இஷ்பெல் மெக்ரோரி வந்தபோது
அவள் காலணி வழியே மழையும் உள்ளே வந்தது.
ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற நீலச் சட்டை.
இரவு ஷிப்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள்:
பதினான்கு உறைகள்,
ஒன்றுகூடப் பிரிக்காதவை.
"வாசல் மணி அடித்தாலே
விளக்கை அணைத்துவிடுகிறேன்" என்றாள்.

பையின் அடியில் ஒரு ஜாம் குப்பி.
உள்ளே, மகன் படுக்கிற அறைச் சுவரில்
கரண்டியால் சுரண்டிய கறுப்புப் பூஞ்சை.
"சாட்சி கேட்பார்களாமே?"
மூடியில் ஸ்ட்ராபெரி என்று எழுதியிருந்தது.
இத்தனை வருஷத்தில்
பொய் சொல்லத் தெரியாத சாட்சி
எனக்கு இது ஒன்றுதான்.

குழந்தைகளின் மழுங்கிய கத்தரிக்கோலால்
ஒவ்வொன்றாய்ப் பிரித்தோம்.
முதல் மூன்றும் ஒரே கடிதம்,
போகப்போகக் குரல் மட்டும் உயர்ந்தது.
ஐந்தாவது, பீட்சா விளம்பரம்.
தேவைக்கு மேல் சிரித்தோம்.
ஒன்பதாவதில் மாநகராட்சி
மன்னிப்புக் கேட்டிருந்தது:
இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு
அவளுக்குத் திருப்பித் தரவேண்டுமாம்.
மூன்று மாதமாய் அந்தச் சேதி
சமையலறை இழுப்பறையில்
கரண்டிகளோடு படுத்துக் கிடந்திருக்கிறது.

பதினொன்றாவதில் தேதி இருந்தது.
நாளை. காலை பத்து. ஷெரீஃப் நீதிமன்றம்.
வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு.

நாளை காலை பத்துக்கு
கிரேக்கக் கப்பல்காரர் ஒருவர்
என்னில் நாற்பது துண்டு வாங்கியிருக்கிறார்.
மாடிப்படியில் நின்று
மூத்த பங்குதாரரை அழைத்தேன்.
அவர் மௌனத்துக்கும் ரசீது போடலாம், அத்தனை நீளம்.
"யாருக்கு வக்காலத்து?" என்றார்.
"ஒரு ஜாம் குப்பிக்கு."

திரும்பி வந்ததும் கேட்டாள்:
"ஜெயிப்போமா?"
"நாளைக்கு ஜெயிக்க மாட்டோம்.
வாய்தா வாங்குவோம். ஆறு வாரம்."
விரல்விட்டு எண்ணினாள்.
"அதற்குள் பையனுக்குப் பரீட்சை முடிந்துவிடும்."
பிறகு, சற்றுத் தயங்கி,
"ஷிப்ட் முடிந்து நேரே வருவேன்,
சட்டை மாற்ற நேரமிருக்காது."
மாற்ற வேண்டாம் என்றேன்.

மீதி மூன்று உறைக்குள்
நூலகர் சாவிக்கொத்தோடு வந்துவிட்டார்.
பேருந்து நிறுத்தத்துக் கூரையின் கீழ்
நின்றபடியே பிரித்தோம்,
அவள் வாசிக்க, நான் கேட்க.
காற்று பலமாய் அடித்தது.
குப்பி என் கோட்டுப் பைக்குள் இருந்தது.
மூடி இறுக்கமாய்த்தான் இருக்கிறதா என்று
இன்னொரு தரம் திருகிப் பார்த்தேன்.