இரண்டு புள்ளிகள்

எழுபத்தொன்பது நவம்பர்.
நகரமன்றத்தின் நிலவறையில்
ரேடியேட்டர் தட்டிக்கொண்டே இருந்தது,
உள்ளே யாரோ மாட்டிக்கொண்டதுபோல.
நான் துணை எழுத்தர்.
பென்சில் சீவுவதும் காபி ஊற்றுவதும்
கேட்டால் மட்டும் விதியை வாசிப்பதும் என் வேலை.

உறுப்பினர் இடங்கள் ஆறும் பத்து மணிக்குள் முடிந்தன.
மருந்துக்கடைக்காரர் மறுபடி வந்தார்.
மூன்றாம் வட்டத்தில்
சுரங்க ஷிப்டு முடிந்து தலைக்கவசத்தோடு வந்தவன்
தான் ஜெயித்ததை நம்பாமல்
இன்னொரு முறை எண்ணச் சொன்னான்.

மேயர்தான் முடியவில்லை.

கிளிஃபர்ட் ட்ரெம்பத், ஆயிரத்து நூற்று நான்கு.
அச்சில் இருந்த ஒரே பெயர்.
அதன் கீழே ஒரு வெற்றுக் கோடு.
அந்தக் கோட்டில் ஏறி வந்தவள்
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹில்மா மாக்கிட்டாலோ.
இரண்டு குளிர்காலமாய்ப் பனி வாரும் வண்டி
மேட்டுத் தெருக்களின் அடியோடு திரும்பிப் போனது.
பிள்ளைகளை அவள் மேட்டடியில் நின்று ஏற்றினாள்,
இடுப்பளவு பனியில் சறுக்கி வருகிறவர்களை,
ஒவ்வொருவராக எண்ணி.
மனுத்தாக்கல் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான்
அவளுக்குக் கோபம் வந்தது.

தகராறில்லாமல் ஆயிரத்து எண்பத்தொன்று.
மிச்சம் நாற்பத்தொரு சீட்டு
மேசை நடுவில் கிடந்தது.

மக்கிடலோ.
மேக்டாலா.
மிக்கடாலோ.
ஹில்டா மாக்கி.
மிஸஸ் எம்.
பஸ்காரி.
ஒருவர் எழுதவேயில்லை:
ஒரு பேருந்து வரைந்து
சக்கரத்துக்குச் சங்கிலியும் மாட்டியிருந்தார்.

"பெயர் என்றால் பெயர்" என்றார் வழக்கறிஞர் லாங்டோ.
"யாரைச் சொல்கிறார்கள் என்று
இந்த அறையில் யாருக்காவது தெரியாதா?" என்றாள் பெர்னிஸ் ஓப்பி.
தெரியும்.
தெரிவது வேறு, செல்லுவது வேறு.
இரவு இரண்டு மணிவரை ஒவ்வொரு எழுத்தாகப் பேரம்.
பத்தொன்பது செல்லும்.
இருபத்திரண்டு செல்லாது.

கூட்டிப் பார்த்தால்
நான்கு ஓட்டு.

மூன்று சீட்டு மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.
நடுங்கும் கை, பழைய நாட்டு எழுத்து.
பெயரின் முதல் உயிரெழுத்தின்மேல்
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி.
லாங்டோ விதியின் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார்:
தேவையற்ற குறி உள்ள சீட்டு செல்லாது.
என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள்.
வாசித்தேன்.

மறுநாள் மாலை அவள் கையெழுத்துப் போட வந்தாள்.
தள்ளுபடிச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றாள்.
கோட்டைக் கழற்றவில்லை. நின்றபடியே வாசித்தாள்.
பேருந்துப் படத்துக்குச் சிரித்தாள்.
புள்ளி வைத்தவற்றை அடுக்கிவிட்டுச் சொன்னாள்:
"எங்கள் மொழியில் இதற்கு மேட்டுவீடு என்று அர்த்தம்.
என் அப்பா இறங்கிய துறைமுகத்தில்
புள்ளி போட அவர்களிடம் தட்டச்சு இல்லை.
இந்த ஊரில் என் பெயரைச் சரியாய் எழுதியவர்கள்
இந்த மூன்று கிழங்கள் மட்டும்தான்."

பிறகு 'மிக்கடாலோ'வை எடுத்தாள்.

இடப்பக்கம் சாயும் எழுத்து.
ஆறு வருடமாய் அவளிடம் கொடுத்தனுப்பிய
அதே சாய்வு:
இன்று மகனுக்குக் காய்ச்சல்,
இன்று மகள் வரமாட்டாள்.
மற்றவற்றைவிடச் சற்று நேரம் பிடித்திருந்தாள்.
நான் பென்சில் சீவினேன்.
ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.

அதைக் கவிழ்த்து வைத்தாள்.
கையெழுத்துப் போட்டாள், புள்ளியில்லாமல்.

அடுத்த காலை ஆறு நாற்பது.
மேட்டடியில் கதவு திறந்தது.
பிள்ளைகள் ஏறினார்கள்.
இந்த ஊர் என் குரோவேஷியப் பெயரை
வாயில் அடக்க முடியாமல்
'ஸ்விட்' என்று நறுக்கி வைத்திருந்தது.
அவள் ஸ்டியரிங்கிலிருந்து திரும்பி,
ஓர் எழுத்தும் சிந்தாமல் சொன்னாள்:

"குட்மார்னிங், மிஸ்டர் ட்ஸ்விட்கோவிச்."