கோப்பையின் சுவர்

மூன்றாம் நாள் காலையிலும்
வைத்த விரலைப் பலகை விடவில்லை.
பிடுங்கியபோது 'ப்ச்' என்றது,
அலுத்துக்கொள்வது போல.

அராமோவானாவில் ஜூன் என்றால் நடுக்குளிர்.
கராஜின் தகரக் கதவுக்கடியில்
துறைமுகக் காற்று நாக்கை நீட்டிப் படுத்திருக்கும்.
"குளிர்தான்" என்றேன்.
இரண்டு ஹீட்டர், போர்வையில் ஒரு கூடாரம்,
வெப்பமானியில் இருபத்திரண்டு.
நான்காம் நாளும் அதே பிசுபிசுப்பு.
அதற்குள் அடுத்த வீட்டு நாய்
ஒரு முறை சாய்ந்துவிட்டுப் போயிருந்தது.
தண்ணீரையே பார்க்காத பலகைக்கு
வாலருகே நரை.

எண்ணியவன் ரேவி. பம்பை அழுத்தியவள் நான்.
எபாக்ஸி இரண்டு, ஹார்டனர் ஒன்று,
எபாக்ஸி இரண்டு,
நடுவில் அவன் தங்கையின் போன்.
"ஒன்றை விட்டிருப்பேன்" என்றான்.
காலையில் ஒரு மன்னிப்பு, சூப்புக்கு நடுவே ஒன்று,
விளக்கணைத்தபின் கூரையைப் பார்த்து இன்னொன்று.
"பரவாயில்லை" என்றேன்
ஒவ்வொரு முறையும், பெருந்தன்மையாக.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இங்கே அந்தக் கணக்குச் செல்லவில்லை.
மூக்கில் தட்டினால் டொக், கண்ணாடி.
ஒரு சாண் தள்ளினால்
கம்பிப் பதத்தில் நின்றுபோன பாகு.
அடுத்த சாண் மறுபடி டொக்.
சாக்பீஸ் எடுத்து
ஒட்டும் இடங்களை மட்டும் சுற்றி வரைந்தேன்.
நடுவில் நீளமாக ஒரு கோடு,
முடிவில் ஒரு வளைவு,
அப்புறம் சொட்டுச் சொட்டாய்ப் புள்ளிகள்.

ஒரு கை ஊற்றிய தடம்.
என் கை.

கோப்பை காலியானபின்
வீணாகக் கூடாதென்று
குச்சியால் சுவரை வழித்து வழித்து
அடியில் தட்டித் தட்டிக்
கடைசிச் சொட்டையும் கொட்டியிருந்தேன்.
விலை அப்படி; ஒரு லிட்டருக்கு ஒரு நாள் கூலி.
நடுவில் கலந்தது கலந்தது.
சுவரோரம் ஒண்டிக் கிடந்ததோ
ஹார்டனரின் முகமே பாராத பிசின்.
அதை எத்தனை நாள் காய வைத்தாலும்
காயாது. அது காத்திருப்பது
சூட்டுக்காக அல்ல.

எண்ணிக்கை சரி.
சரியாக எண்ணியவன்
மூன்றாவது ஹீட்டர் வாங்க
டனீடினுக்குப் போயிருந்தான்.

அசிட்டோனை எடுத்தேன், திருப்பி வைத்தேன்.
இழைக்குள் ஒரு துளி இறங்கினால் போதும்,
உள்ளேயிருக்கும் நுரை கரைந்து குழியாகிவிடும்.
ஆல்கஹால் போதும். தகட்டைப் படுக்கவைத்துச் சுரண்டினேன்.
மெழுகாய்ச் சுருண்டு வந்தது,
நாயின் முடியோடு, ஒரு மணல் ஈயோடு,
தொட்டுத் தொட்டுச் சந்தேகப்பட்ட
என் விரல்ரேகைகளோடு.
(பதினேழு வரை எண்ணினேன்.)
துணி, ஆல்கஹால், புதுத் துணி,
கண்ணாடி இழையின் நெசவு தெரியும்வரை.
பிறகு எண்பதாம் நம்பர் உப்புத்தாள்,
நல்ல இடத்திலும் பளபளப்பு செத்து
சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுக்கும்வரை.

இந்த முறை தராசு.
ஒரு கோப்பையில் கலந்து
வேறொரு கோப்பைக்கு மாற்றி
அதிலும் கலந்து.
சுவரில் மிஞ்சியதைச்
சுவருக்கே விட்டேன்.
கை பதறியது. விட்டேன்.

மறுநாள் நகத்தால் குத்தினேன்.
நகம்தான் வளைந்தது.
"பார்த்தாயா, புது ஹீட்டர்!" என்றான் ரேவி,
அட்டைப்பெட்டியை முத்தமிடாத குறை.
"ம்" என்றேன்.

ஞாயிறு, கல்கரைக்கு அப்பால்.
கெல்ப் கணுக்காலில் உரச
இருவரும் பலகைமேல் உட்கார்ந்திருக்கையில்
"ரேவி, நீ சரியாத்தான் எண்ணினே."
காற்று. "என்னது?"
அவன் முதுகுக்குப் பின்னால் கடல் நிமிர்ந்தது.
"திரும்பு, உன்னுது, போ!"
போனான்.

கரையோரத்திலிருந்து கையை ஆட்டுகிறான்.
மறுபடி வந்து சேரப் பத்து நிமிடமாவது ஆகும்.
குனிந்து வாலருகே தடவுகிறேன்.
வழிக்கத் தவறிய ஒரே ஒரு வெள்ளை முடி,
கண்ணாடிக்குள்,
நேராக.