இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவே

ஞாயிறு இரவு பத்தரைக்கு
காகிதப்பட்டறை மாடியறையில்
பகடைகளைப் பையில் போட்டு முடிச்சிட்டேன்.
கதை நின்ற இடம் ஆற்றங்கரை.
மூன்று பேர், ஓர் ஓடம், எதிர்க்கரையில் தீ.
அடுத்த ஞாயிறு வரை
யாரும் ஆற்றைக் கடக்கக் கூடாது என்றேன்.

திங்கள் காலையிலேயே கடந்துவிட்டான் இம்தியாஸ்,
பேரணாம்பட்டுத் தோல் கிடங்கில் கணக்கெழுதுகிறவன்.
அவன் திருடன் மூன்று ஊரைக் கொள்ளையடித்த விவரம்
பதினொரு பக்கம், குழுவில்.
நடுவாரத்துப் பொன் செல்லாது என்று பதில் போட்டேன்.
"பாதியாவது?"
பேரம் பேசிக் கடைசியில்
ஒரு கோழிக்கு அனுமதி கொடுத்தேன்.

லோகேஷ் எதுவும் எழுதுவதில்லை.
கேட்டால், "என் ஆள் தூங்குறான்."
ஆறு வாரமாகத் தூங்குகிறான்.

எப்சிபா எழுதுவது விடியற்காலை மூன்றேகாலுக்கு,
வார்டில் சொட்டுமருந்து மட்டும் விழித்திருக்கும் நேரம்.
வழக்கமாக இரண்டே வரி:
ஓடக்காரி துடுப்புக்கு எண்ணெய் போட்டாள்.
மீன் சுட்டாள், உப்பில்லை.

புதனன்று நீளமாக வந்தது.
ஓடத்தில் ஒரு பையன் ஏறினான். ஏழு வயசிருக்கும்.
ஒரு காலில்தான் செருப்பு.
அக்கரை எப்ப வரும், எப்ப வரும் என்று
நச்சரித்துக்கொண்டே இருந்தான்.
இதோ, என்றாள். இதோ.
நடு ஆற்றில் கேட்பதை நிறுத்திவிட்டான்.

நானே எழுதி எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிய தாள்
சுவரில் இருக்கிறது.
மூன்றாம் விதி: பகடை உருளாமல் சாவில்லை.
இருபது முகப் பகடையைக் கையில் எடுத்தேன்.
எந்த முகத்தை விசாரிப்பது?

"பையன் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டேன்.
எழுதுகிறாள், எழுதுகிறாள் என்றது திரை.
நிறுத்தினாள். மறுபடி எழுதினாள்.
"ஆட்டத்துல அவனுக்குப் பேர் வேணாம்."

ஞாயிறு வந்தது.
காட்பாடியிலிருந்து பாலத்தின் மேல் ஸ்கூட்டரில் வந்தாள்.
கீழே பாலாறு: மணல், முள்,
ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடும் பையன்கள்.
தலைக்கவசத்தைக் கழற்றினவள்
வெயிலைத் திட்டினாள், தண்ணீர் கேட்டாள்,
வேறொன்றும் சொல்லவில்லை.

"எங்க விட்டோம்?" என்றேன்.
கோழியைப் பற்றி ஆரம்பித்த இம்தியாஸ்
தானாகவே அடங்கினான்.

லோகேஷ்தான் வாய் திறந்தான்.
"என் ஆள் முழிச்சுக்கிட்டான்.
ஓடத்துல ஒத்தைச் செருப்பு கெடக்குது.
யாருதுன்னு அவன் கேக்கல.
தண்ணி படாத பக்கமா எடுத்து வைக்கிறான்."

எப்சிபா டம்ளரைக் கீழே வைத்தாள்.
"ஏறுங்க," என்றாள்.

பகடைப் பையை நான் அவிழ்க்கவில்லை.
எதிர்க்கரையில் தீ,
போன வாரம் விட்ட அதே உயரத்தில்.