ஒரு சாணும் ஒரு விரலும்

ஐந்தடி பெஞ்சில் நாலு பேர் என்றுதான்
செய்தவன் நினைத்திருப்பான்.
போன வருஷம் ஐந்து பேர்.
பிள்ளை ஒன்றுக்கு ஒரு சாணும் நாலு விரலும்.
இந்த ஜூனில் ஆறு.
ஆபீஸ் ஸ்கேல் ஒடிந்து கிடப்பதால்
கையால்தான் அளந்தேன்,
ஒரு சாணும் ஒரு விரலும்.

ஒழுகினசேரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் பள்ளி.
முதலில் நூலகம் போனது.
பிறகு சத்துணவு அரிசி வைத்திருந்த அறை.
மூட்டைகள் இப்போது என் நாற்காலிக்குப் பின்னால்.
சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால்
கறுப்பு வண்டு ஒன்று
பெயர் பெயராக நின்று சரிபார்த்துப் போகும்.

வயலெல்லாம் பிளாட் ஆயிற்று,
பிளாட்டில் மாடி, மாடிக்கு ஒரு பிள்ளை.
அருமனையில் ரப்பர் வெட்டுவதை விட்டு
இங்கே ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள்.
தேங்காப்பட்டணத்திலிருந்து வந்த மருந்துக்கடைக்காரரின் பேரன்.
வலைக் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பையன்,
தமிழில் எண்ணச் சொன்னேன்,
நாற்பது வரை நிறுத்தாமல் சொன்னான்.
எங்களிடம் இருந்தது முப்பத்தாறு இடம்.

விண்ணப்பம் இருநூற்றுப் பதினொன்று.
ஒருவர் கவுன்சிலரின் கடிதம் கொண்டுவந்தார்.
ஒருவர் மட்டிக்குலை கொண்டுவந்தார்.
இரண்டையும் மேபல் டீச்சர் திருப்பி அனுப்பினார்.
பழவாசம் மட்டும்
சாயங்காலம் வரை அறையில் இருந்துகொண்டது.

குலுக்கலன்று விடியுமுன்பே கேட்டருகில் கூட்டம்.
முந்தின ராத்திரி நான் மடித்த சீட்டுகள்
பிஸ்கட் டின்னில்.
இருபத்தொன்பதாவதாக ஷெர்வின் வந்தான்.
அவனோடு பிறந்த மெர்வின்
டின்னின் அடியில் கிடந்தான்.

சகாய டெல்பின் அண்டி ஆபீசில் வேலை,
கொட்டைப்பால் பட்டுக் கறுத்த விரல்கள்.
"எக்கா, ஒருத்தன் இடத்துல ரெண்டுவேரும் இருப்பானுவ கேட்டியளா.
வயித்துல எட்டு மாசம் அப்படித்தானே கெடந்தானுவ."
கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்துக்கு ஒரு பெயர்.
இரண்டு அடித்தால் சிவப்பாகும்.
அடித்தும் பார்த்தேன். சிவப்பானது.
காத்திருப்போர் பட்டியலில் மெர்வின் ஐம்பத்தேழு.
ஜூலையில் ஒரு பிள்ளை
டி.சி. வாங்கி மதுரைக்குப் போயிற்று.
மெர்வின் ஐம்பத்தாறு ஆனான்.

ஒன்றாம் வகுப்பு பிரின்சி டீச்சர்
ஆகஸ்டில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.
ஒரு பக்கத்தில் எழுத்து இடப்புறம் சாய்ந்திருந்தது,
அடுத்த பக்கத்தில் வலப்புறம்.
"திங்கக்கிழமை இவன் இடதுகையில எழுதுகான்.
செவ்வாய்க்கிழமை வலதுகை.
புதன்கிழமை மறுபடி இடது."
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் மூட்டையைப் பார்த்தேன்.

ஒருவனுக்கு 'அ' தெரியும், மற்றவனுக்கு 'ஆ'.
ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு
மாற்றிக்கொள்வார்கள் போல.
ஒரே சட்டை,
தினமும் துவைத்தது.
ஒரே டிபன்பாக்ஸ்,
ஒரே 'உள்ளேன் டீச்சர்'.
பெஞ்சில் அதே ஒரு சாணும் ஒரு விரலும்,
ஒருநாள் கூடக் காலியாக இருந்ததில்லை.
முழு வருகைக்குப் பென்சில் கொடுப்பது வழக்கம்.
இந்த மாதம் ஷெர்வினுக்கு
இரண்டு பென்சில் கொடுத்தாள் பிரின்சி.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நேற்று ராத்திரியெல்லாம் மழை.
பழையாற்றில் தண்ணீர் ஏறியதென்று
கலெக்டர் லீவு விட்டார்.
தெருப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள்.
நான் காலண்டர் முன்னால் நின்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்,
போன இந்த நாள்
யாருடையது என்று.