ஒண்ணும் செய்யாது

கொண்டி ஒடிந்து நாலு மாதம்.
பழைய சைக்கிள் டியூபால் கட்டியிருந்தேன்.
வெல்டிங் பட்டறை மார்க்கெட் பக்கம்தான்,
நூற்றைம்பது ரூபாய் வேலை.
தினமும் அதைக் கடந்துதான் ஆபீஸ் போனேன்.
அதைக் கடந்துதான் வந்தேன்.

கதவில் பலகை மட்டும் புதிது.
நாய்கள் ஜாக்கிரதை.
இருப்பது ஒன்றுதான்.
பன்மையில் எழுதினால்தான் பயம் வரும்
என்றார் பெயிண்டர்.
வருகிறவர்கள் பக்கமாகப் பார்த்து மாட்டினேன்.

மேஜர் என்று பெயர். நாற்பத்திரண்டு கிலோ.
சங்கிலியைப் பிடித்து நடக்க
வீட்டில் அவளால் முடியாது,
எனக்கு நேரமில்லை.
அது நடந்ததெல்லாம்
கதவிலிருந்து வாழைமரம் வரை,
வாழைமரத்திலிருந்து கதவு வரை.

பெருமாள்புரத்தில் எங்கள் தெருவுக்கு
ஏழேகாலுக்கு ஊதல் சத்தம் வரும்.
குப்பை வண்டி முப்புடாதி.
கதவுக்கு நாலடி தள்ளி நின்று கேட்பாள்,
"சார், நாயக் கட்டிருக்கியளா?"
மாடியில் பல் துலக்கிக்கொண்டு
நுரையோடு சொல்வேன்,
"ஒண்ணும் செய்யாதும்மா, வா."

எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் அதை.
கேஸ் போடுகிற தம்பியிடம்.
மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரிடம்.
எதிர்வீட்டு ஜெபமணி டீச்சர்
மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு
சுவரோரமாகவே போனபோது.
எனக்கு ஒன்றும் செய்யாதது
எவருக்கும் செய்யாதென்று
எந்தக் கணக்கில் வந்தது, தெரியவில்லை.

ஆனி மாதம். சாரல் காற்று
கதவைப் போட்டு அடித்த ஒரு காலை.
டியூப் அறுந்ததா, அவிழ்ந்ததா?
இன்னும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்,
இரண்டுக்கும் ஏதோ வித்தியாசம் இருப்பதுபோல.

ஊதல் பாதியில் நின்றது.

இடது கெண்டைக்கால்.
வாளி உருண்டுபோய்
முருங்கைக்காய்ச் சக்கையெல்லாம் ரோட்டில்.
நான் படியிறங்கி வருவதற்குள்
டீச்சர்தான் குடையோடு ஓடி வந்திருந்தார்.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்,
"ஊசி போட்ட நாய்தானே?"
"ஆமா" என்றேன்.
இரவு அட்டையைத் தேடி எடுத்தேன்,
டிவி வாரண்டிக்கு அடியில்.
போன அக்டோபரோடு முடிந்திருந்தது.
திரும்பிப் போய்ச் சொன்னேன்.
நான் உடனே செய்த காரியம் அது ஒன்றுதான்.

பத்து நாள் நாயைக் கவனிக்கச் சொன்னார்கள்.
வாங்கி வந்த நாளிலிருந்து
அவ்வளவு நேரம் அதன் முகத்தைப் பார்த்ததில்லை.
சோறு தின்றது. தண்ணீர் குடித்தது.
என்னைப் பார்த்து வாலாட்டியது.
என்ன செய்தோமென்று அதற்குத் தெரியவில்லை.
தெரிய வேண்டியவன்
எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் நாள் ஊசி வரிசையில்
அவளாகத்தான் பேசினாள்.
"நாய் கடிச்சிட்டு. சரி, அது நாயி.
நான் பயந்து நிக்கையில
தெனமும் மாடில நின்னு சிரிப்பியளே சார்,
அதான்."

சிரித்தேனா? வாயில் நுரை இருந்தது.
ஞாபகமில்லை.
சிரித்திருப்பேன்.

ரெண்டாயிரம் கொடுத்தேன்.
வேலைக்குப் போகாத நாள்களை
விரல்விட்டு எண்ணி
அதற்குள்ளதை எடுத்துக்கொண்டு
மீதியை பைக் சீட்டில் வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு நடந்தாள், ஒரு காலைச் சாய்த்து.

இப்போது கொண்டி இருக்கிறது, பூட்டும்.
ஐந்தரை மணிக்கு வாய்க்கட்டு மாட்டி
நான்தான் நடத்திப் போகிறேன்.
தோள்பட்டை வலிக்கிறது.
பலகையை உள்பக்கம் பார்க்கத்
திருப்பி மாட்டலாமா என்று யோசித்தேன்.
நாடகமா இருக்கும் என்றாள் வீட்டில்.
அப்படியே விட்டுவிட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் ஊசியும் முடிந்தது.
முப்புடாதி தெருமுனையோடு நின்றுவிடுகிறாள்.
ஊதல் கேட்டால்
முதலில் மேஜர் காதைத் தூக்கும்.
இரண்டு வாளியோடு நான் இறங்கிப் போகிறேன்,
எங்கள் வாளி, டீச்சர் வீட்டு வாளி.
வாங்குமுன் அவள்
என் தோளைத் தாண்டிக் கதவைப் பார்க்கிறாள்.
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.